மூண்டு இருபத்திநாலுக்கு ஒரு தேத்தண்ணி

இரு தம்பி. அந்தக் கதிரையிலை இல்லை, இதிலை இரு. அது கிழவியின்ரை கதிரை. ஊரிலை எண்டால் சாய்மனைக் கதிரை எனக்கு, பலகைக்கட்டை மனுசிக்கு. இஞ்சை சுவிஸுக்கு வந்து சட்டம் மாறிப்போச்சு.

என்ன கேட்டனீ? பெண்ணுரிமை பற்றிக் கட்டுரை எழுதப்போறியோ? நல்லது. எத்தினை புத்தகம் படிச்சனீ? ஏழோ? அப்ப உனக்கு எல்லாம் தெரியும். "பால்நிலைச் சமத்துவம்" எண்டு என்னவோ சொன்னாய். எனக்குப் பால்நிலை எண்டால், கரவெட்டியிலை எங்கடை சிவப்பி மாடு விடியக் கறக்குதோ இல்லையோ எண்டதுதான். கோவிக்காதை. படிச்ச பிள்ளையள் பெரிய சொல்லாப் பாத்துத்தான் எடுப்பியள். கலியாணவீட்டுக்குப் பட்டு வேட்டி மாதிரி. வீட்டுக்கு வந்து கழட்டினால் உள்ளுக்கை அதே பழைய சாரம்.

சரி, கதையைக் கேள். இது ஒரு சுவெற்றரிலை தொடங்கினது.

மோள் புறொக்கிக் கடையிலை, அதுதான் பாவிச்ச சாமான் விக்கிற இடத்திலை, 5 பிராங்குக்கு எனக்கொரு சுவெற்றர் எடுத்துவந்தவள். நாவல்பழம் திண்ட பெடியன்ரை நாக்கு மாதிரி நிறம். 76 வயதுக் கிழவனுக்கு உந்த நிறமோ எண்டு கேட்டன். "குளிருக்கு நிறம் தெரியாதப்பா" எண்டாள். அதுவும் சரிதான். ஆனி மாதம் வெள்ளையள் அரைக் காற்சட்டையோடை வெயில் காயுதுகள். எனக்கெண்டால் ஆனியும் மார்கழிதான்.

2019, ஜூன் 14. வெள்ளிக்கிழமை. வீட்டிலை மரக்கறி. தமிழ்க் கடையிலை முருங்கைக்காய் வந்திருக்கெண்டு கிழவி என்னைக் கலைச்சுவிட்டவ. பேர்ண் நகரத்திலை ட்ராம் ஏறினன். ரெயில் நிலையத்தடியிலை ட்ராம் நிண்டது. நிண்டது நிண்டதுதான். சாரதி ஏதோ சொன்னான். எல்லாரும் இறங்கிச்சினம். நானும் இறங்கினன். சுவிஸிலை ட்ராம் நிக்கிறதெண்டால் லேசுப்பட்ட விசயமே? கடிகாரம் நிண்டாலும் நிக்கும், ட்ராம் நிக்காது. ஆரோ பெரிய தலை செத்துப்போச்செண்டுதான் நினைச்சன்.

பாத்தால் முழுக்கப் பொம்பிளையள். ஆயிரக்கணக்கிலை. எல்லாம் என்ரை சுவெற்றர் நிறம்! தொப்பி, சால்வை, பலூன், நாய்க்குட்டிக்குக் கழுத்துப்பட்டி, எல்லாம் ஊதா. ஒருத்தி சட்டியும் அகப்பையும் கொண்டுவந்து அடிக்கிறாள். இன்னொருத்தி விசில் ஊதிறாள். நல்லூர்த் தேர் தோத்துப்போம்.

ஓரமா நழுவுவம் எண்டு பாத்தன். விட்டால்தானே? "ஆகா, ஊதாத் தாத்தா!" எண்டமாதிரி என்னவோ கத்தி நாலு பெட்டையள் கை தட்டுறாளவை. ஒருத்தி ஓடிவந்து நெஞ்சிலை ஒரு வட்டச் சீட்டு ஒட்டிவிட்டாள். பொத்தின கை ஒண்டு போட்டிருந்தது. நான் என்ன செய்யிறது? கும்பிட்டன். அதுக்கும் கைதட்டல். தம்பி, 50 வரியம் குடும்பம் நடத்தினன், ஒரு பொம்பிளை எனக்குக் கை தட்டேல்லை. 5 பிராங்குச் சுவெற்றர் தட்ட வைச்சுது. இப்ப விளங்குதோ, ஏன் உங்களிலை கனபேர் நிறத்தை மாத்திக்கொண்டு திரியிறியள் எண்டு?

அதுக்குள்ளை ஒரு குரல்: "அம்மப்பா! நீங்களும் வந்திட்டியளோ?"

மோளின்ரை மோள். 16 வயது. பள்ளிக்கூடம் போனவள் எண்டெல்லோ நினைச்சிருந்தன். கையிலை மட்டை. நான் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. கிடைச்ச மரியாதையை ஆராவது திருப்பிக் குடுப்பினமே? "பின்னை, வராமல் இருப்பனே" எண்டன். முருங்கைக்காய்ப் பையைச் சுருட்டிப் பொக்கற்றுக்குள்ளை ஒளிச்சன்.

பாராளுமன்றத்துக்கு முன்னாலை பெரிய வெளி ஒண்டு இருக்கு. கல்லுப் பாவின நிலம். மற்ற நாளையிலை அதிலை 26 துளையாலை தண்ணி மேலை பாயும், 26 கன்ரோனுக்கு, அதுதான் மாகாணத்துக்கு, 26. சின்னப் பிள்ளையள் நனையுங்கள். அண்டைக்கு நிலமே தெரியேல்லை. என்னடி உது எண்டு பேத்தியைக் கேட்டன். பொம்பிளையளின்ரை வேலைநிறுத்தம் எண்டாள். பின்னேரம் 3 மணி 24 நிமிசத்துக்கு எல்லாரும் வேலையை விட்டிட்டு வெளியிலை வருவினமாம்.

"அதென்னடி 3.24? ராகுகாலம் பாத்து வைச்சதோ?"

"இல்லை அம்மப்பா. ஆம்பிளையளுக்கும் பொம்பிளையளுக்கும் சம்பளத்திலை வித்தியாசம் இருக்கெல்லோ. அதைக் கணக்குப் பாத்தால் 3.24க்குப் பிறகு பொம்பிளையள் செய்யிற வேலைக்குக் கூலி இல்லை. சும்மா செய்யிறது."

நான் யோசிச்சன். அந்தக் கணக்கைக் கிழவியிலை போட்டுப் பாத்தால், அவவுக்கு விடிய 4 மணிக்கே வேலை முடிஞ்சிருக்கவேணும். இதை வாய்விட்டுச் சொல்லேல்லை. கிழவன் எண்டால் எல்லாத்தையும் சொல்லவேணும் எண்டில்லை.

நேரக் கணக்கு உந்த நாட்டானை விட்டால் ஆருக்கு வரும்? மணிக்கூடு செய்யிறவன் அவன்தானே. ஆனால் பார் தம்பி, உலகத்துக்கே நேரம் காட்டுறவன்ரை வீட்டிலை ஒரு மணிக்கூடு மட்டும் 123 வரியம் பிந்தி ஓடியிருக்கு. 1848இலை அரசியல் சட்டம் எழுதி ஆம்பிளையளுக்கு வாக்குக் குடுத்தவங்கள். பொம்பிளையளுக்கு 1971இலை! 1959இலை ஒருக்கால் கேட்டுப் பாத்தவை. ஆரைக் கேட்டவை? ஆம்பிளையளைத்தான். "உன்ரை கதிரையிலை பாதி தருவியோ?" எண்டு இருக்கிறவனைக் கேட்டால் என்ன சொல்லுவான்? 100க்கு 67 பேர் ஏலாது எண்டு போட்டவங்கள். அதுக்கு முதல் 1928இலை இதே பேர்ண் தெருவிலை பொம்பிளையள் சில்லுப் பூட்டின பெரிய நத்தை ஒண்டைச் செய்து இழுத்துக்கொண்டு போனவையாம், எங்கடை வாக்குரிமை வாற வேகம் இதுதான் எண்டு காட்ட. எனக்கு அந்த நத்தை நல்லாப் பிடிச்சுப்போச்சு. சத்தம் போட்டுக் கேட்டால் காதைப் பொத்துவாங்கள், பகிடி பண்ணினால் என்ன செய்வாங்கள்? அந்த நத்தை பிறகும் 43 வரியம் ஊர்ந்தது எண்டது வேறை கதை.

அப்பென்ஸெல் எண்டொரு மலைநாடு. இன்னர்றோடன் எண்டு அதிலையும் உள்பக்கத்துக் கன்ரோன். ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு சந்தைவெளியிலை கூடி, கையைத் தூக்கி வாக்குப் போடுவினம். அடையாள அட்டைக்கு என்ன தெரியுமோ? இடுப்பிலை ஒரு வாள்! அப்பன் பாட்டன் வைச்ச வாள். அதைக் கட்டிக்கொண்டு போனால் உள்ளுக்கை விடுவாங்கள். வாள் எங்கடை, வாக்கு எங்கடை எண்டு 1990 சித்திரையிலையும் பொம்பிளையளுக்கு ஏலாது எண்டு கையைத் தூக்கினவங்கள். அறுக்கத் தெரியாதவன் இடுப்பிலை ஐம்பத்தெட்டு அருவாள் எண்டு எங்கடை ஆக்கள் சும்மாவே சொன்னவை? அந்த வரியக் கடைசியிலை உச்ச நீதிமன்றம் தலையிலை குட்டித்தான் வழிக்கு வந்தவை. 1990, தம்பி! சந்திரனிலை மனுசன் கால் வைச்சு 21 வரியத்துக்குப் பிறகு.

பேத்தி சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு நிமிருது. வெள்ளைக்காரனுக்குப் பிந்தினது எண்டால் எங்கடை ஆக்களுக்கு ஒரு சந்தோசம். பாயசம் மாதிரி. நானும் அவிழ்த்துவிட்டன்.

"இஞ்சை கேளடி. இலங்கையிலை 1931இலை வாக்கு. 21 வயது ஆன ஆம்பிளை பொம்பிளை எல்லாருக்கும் ஒரே நாளிலை. யாழ்ப்பாணத்தார் அந்தத் தேர்தலைப் பகிஸ்கரிச்சவை, அது வேறை வீறாப்பு. 1934இலை பருத்தித்துறைத் தொகுதியிலை ஜி.ஜி. பொன்னம்பலம் நிண்டு அரசாங்க சபைக்குப் போனவர். அப்ப என்ரை அம்மம்மா வாக்குப் போட்டவ. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒவ்வொரு நிறத்திலை பெட்டி. எந்த நிறப் பெட்டியிலை போட்டனீ எண்டு அம்மப்பா சாகும்வரைக்கும் கேட்டவர். அவவும் சாகும்வரைக்கும் சொல்லேல்லை."

பேத்தி சிரிச்சாள். எனக்கு இன்னும் ஏறிப்போச்சு. கொழும்பு வடக்கிலை 1932இலை நேசம் சரவணமுத்து எண்ட தமிழ்ப் பொம்பிளை சபைக்குப் போனதைச் சொன்னன். 1960இலை சிறிமாவோ, உலகத்திலை முதல் பெண் பிரதமர். அதாலை எங்கடை சனத்துக்கு என்ன வந்தது எண்டு அவள் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. பிள்ளைப்பெறு காசுக்கு இலங்கையிலை 1939இலை சட்டம். இவங்கள் 1945இலை குடுப்பம் எண்டு அரசியல் சட்டத்திலை எழுதிப்போட்டு 2005இலை குடுக்கத் தொடங்கினவங்கள். 1945இலை பிறந்த குழந்தைக்குத் தாயின்ரை லீவுக் காசு வரக்கை அது பென்சனுக்கு நிக்குது!

இதிலை நிப்பாட்டியிருந்தால் நான் கெட்டிக்காரன். ஆனால் ஒண்டை விட்டிட்டுப் போனால் பொய் சொன்னமாதிரி. ஆருக்கு வாக்குக் குடுக்கிறது எண்டு விசாரிக்க டொனமூர் ஆணைக்குழு வரக்கை, தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பொம்பிளையளுக்கும் வாக்கு வேணுமோ எண்டு, பெண்களின்ரை வாக்குக்கு நிண்ட அக்னஸ் டி சில்வாவைக் கேட்டவையாம். அவையும் பொம்பிளையள்தானே எண்டு சொன்னவவாம் அந்த மனுசி. குடுத்தவை. பிறகு 1948இலை பிரசாவுரிமைச் சட்டம், அடுத்த வரியம் வாக்குரிமை, ரெண்டிலையும் தோட்டத்துச் சனத்தை ஆம்பிளை பொம்பிளை எண்டு பாக்காமல் வெட்டிவிட்டது சுதந்திர இலங்கை. கூட நிண்டு கை தூக்கினவையிலை எங்கடை பக்கத்து ஆக்களும் இருந்தவை. நத்தை எண்டாலும் முன்னுக்கெல்லோ போனது. எங்கடையது நண்டு.

அப்ப பக்கத்திலை ஒரு வெள்ளைக் கிழவி. என்னிலும் நாலைஞ்சு வயது கூட. கழுத்திலை துருப்பிடிச்ச விசில். அவவோடை பேத்தி கதைச்சு எனக்குத் தமிழிலை சொன்னாள். 1969 மார்ச் 1ஆம் தேதி இதே வெளிக்கு 5000 பேர் வந்தவையாம். மனித உரிமை ஒப்பந்தத்திலை கையெழுத்து வைக்க அரசாங்கம் வெளிக்கிட்டது, ஆனால் பொம்பிளையளுக்கு வாக்கில்லை எண்டதை ஒரு மூலையிலை விதிவிலக்கா எழுதிப்போட்டு. பார், எவ்வளவு மரியாதையான பம்மாத்து! மனித உரிமை எல்லாருக்கும், மனுசியளைத் தவிர. எமிலி லீபெர்ஹெர் எண்ட மனுசி மேடையிலை ஏறித் தீர்மானத்தை வாசிச்சவ. வாங்கிக்கொள்ள மந்திரிமார் ஒருத்தரும் இறங்கி வரேல்லை. எல்லாரும் விசில் ஊதினவை. "அந்த விசில்தான் இது" எண்டு கிழவி தூக்கிக் காட்டினவ. ஒருக்கால் ஊதியும் காட்டினவ. என்ரை காது ரெண்டு நாள் கேக்கேல்லை.

அவவுக்கு ஒரு துணிக்கடையிலை வேலை கிடைச்சுதாம் அந்தக் காலத்திலை. புருசன் ஒத்துக்கொள்ளவேணும் எண்டு சட்டம். அவர் ஒத்துக்கொள்ளேல்லை. 1988 வரைக்கும் இஞ்சை புருசன்தான் குடும்பத்துக்குத் தலை எண்டு புத்தகத்திலை எழுதிக் கிடந்ததாம்.

நான் விழுந்து விழுந்து சிரிச்சன் தம்பி. "வேலைக்குப் போக மனுசனைக் கேக்கவேணுமோ! உவங்கள்தானோ நாகரிகம் படிச்சவங்கள்!" எண்டு.

பேத்தி சிரிக்கேல்லை. என்னை வடிவாப் பாத்தாள். பிறகு கேட்டாள்: "அம்மம்மாவின்ரை கரவெட்டிக் காணியை அவ விக்கிறதெண்டால், ஆற்ரை கையெழுத்து வேணும் அம்மப்பா?"

எட, இதை ஆர் இவளுக்குச் சொன்னது?

உனக்குத் தெரியாது, நீ ஏழு புத்தகம்தானே படிச்சனீ. எங்களுக்குத் தேசவழமை எண்டொரு சட்டம். ஒல்லாந்தன் எழுதி வைச்சது, வெள்ளைக்காரன் 1911இலை தட்டித் திருத்தினது. யாழ்ப்பாணத்துப் பொம்பிளைக்குத் தாய் தேப்பன் எழுதிக் குடுத்த சீதனக் காணி அவளுக்குத்தான் சொந்தம். அதிலை மறுபேச்சில்லை. நாங்கள் நெஞ்சிலை அடிச்சுச் சொல்லுற பெருமை. ஆனால் அவள் அதை விக்கவோ எழுதிக் குடுக்கவோ ஈடு வைக்கவோ வெளிக்கிட்டால் புருசன் எழுத்திலை சம்மதம் குடுக்கவேணும். அவன் அநியாயத்துக்கு மறிச்சால் கோடு ஏறி அனுமதி எடுக்கலாம். எந்தப் பொம்பிளை புருசனிலை வழக்கு வைச்சிட்டுப் பின்னேரம் அவனுக்குப் புட்டு அவிப்பாள்? சுவிஸ்காரன் 1988இலை தூக்கி எறிஞ்சதை நாங்கள் இன்னும் தலைக்குமேலை வைச்சிருக்கிறம். தனக்குத் தனக்கெண்டால் சுளகு படக்குப் படக்கு எண்ணுமாம். அண்டைக்கு அந்தச் சுளகு என்ரை நெஞ்சுக்குள்ளை அடிச்சுது.

கிழவியின்ரை காணி நாலு பரப்பு. அவவின்ரை தங்கச்சியின்ரை மோள் ஒருத்தி, புருசன் இல்லை, ரெண்டு பிள்ளையள். அவளுக்கு எழுதிக் குடுக்கப் போறன் எண்டு கிழவி கேட்டு அப்ப 11 வரியம். நொத்தாரிசு அனுப்பின கடுதாசி என்ரை லாச்சிக்குள்ளை. நான் மாட்டன் எண்டு ஒருநாளும் சொன்னதில்லை. "பாப்பம்" எண்டன். தம்பி, உலகத்திலை உள்ள சட்டம் எல்லாத்திலும் பாக்கக் கெட்டியான சட்டம் புருசன் சொல்லுற "பாப்பம்". அதை எந்தக் கோட்டிலை உடைக்கிறது?

"முருங்கைக்காய் வாங்கவேணும்" எண்டு சொல்லிப்போட்டு மெல்லமா வெளிக்கிட்டன். கடை பூட்டு. அங்கை நிண்டு விக்கிற பிள்ளையும் ஊர்வலத்துக்குப் போட்டுதாம்.

வழியெல்லாம் பெரிய புதினம். ஒரு கடைக் கண்ணாடிக்குள்ளை எல்லாம் ஊதா விரிப்பு. ஊதாச் சட்டை, ஊதாக் கைப்பை, விலை மட்டும் வழக்கம்போலை கறுப்பு எழுத்து. உள்ளுக்கை அதை மடிச்சு அடுக்கிக்கொண்டு நிண்டது ஒரு பெட்டை. அவளுக்கு 3.24 இல்லை போலை. ஆர் கண்டது, பேந்து வெளியிலை வந்தாளோ என்னவோ.

என்ரை மோளும் போகேல்லை. அவளுக்கு வயோதிபர் இல்லத்திலை வேலை. என்னைப்போலை கிழடுகளைக் குளிப்பாட்டி, தீத்தி, பிரட்டிப் படுக்க வைக்கிற வேலை. "நான் 3.24க்கு வெளியிலை போனால் அந்த ஆச்சியின்ரை மூத்திரத்துணியை ஆர் மாத்திறது?" எண்டு காலமையே சொன்னவள். சட்டையிலை ஊதா ரிபன் ஒண்டு குத்திக்கொண்டு வேலைக்குப் போனாள். இந்த வேலைநிறுத்தம் 1991இலை முதல் தரம் நடந்தது, அப்பவும் ஜூன் 14தான். மணிக்கூட்டுப் பள்ளத்தாக்கு வலே டு ஜூவிலை, பக்கத்து மேசை ஆம்பிளையிலும் பாக்கக் குறையச் சம்பளம் வாங்கின தொழிலாளிப் பொம்பிளையள் எடுத்த யோசினை. நாடு முழுக்க 5 லட்சம் பேர் எண்டு சொல்லுவினம். மணிக்கூட்டை ஒருநாள் நிப்பாட்டலாம் தம்பி. ஆச்சிக்கு மூத்திரம் வாறதை நிப்பாட்டேலுமே? உனக்குக் கட்டுரைக்கு விசயம் வேணுமெண்டால் இதை எழுது. மேடையிலை நிண்டவளைப் பற்றி எல்லாரும் எழுதுவாங்கள்.

மருமோனைப் பற்றிச் சொல்லேல்லையே! நல்ல பெடியன். 30 வரியமா ஒரு சாப்பாட்டுக் கடையிலை சமையல். கோப்பை கழுவத் தொடங்கி இப்ப பெரிய குக். எங்கடை பெடியள் கனபேர் உந்தச் சுவிஸ் குசினியளுக்குள்ளை நிண்டுதான் ஊரிலை வீடு கட்டினவை. 100 பேருக்கு உருளைக்கிழங்கு ரோஸ்தி ஒரு கையாலை பிரட்டிப் போடுவான். வீட்டுக்கு வந்தால்? "இஞ்சரப்பா, உப்பு எங்கை?" காசுக்குக் கோப்பை கழுவினால் தொழில். காசில்லாமல் கழுவினால் மானக்கேடு. இது எந்தச் சாத்திரத்திலை இருக்கெண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை. அண்டைக்கு மத்தியானம் போனிலை தன்ரை முகத்துக்கு ஊதாச் சாயம் பூசிப் படம் போட்டிருந்தான். "பெண்மையைப் போற்றுவோம்." 84 பேர் விரும்பியிருந்தவை. குளிர்ப்பெட்டிக் கதவிலை வேறை ஒரு அட்டவணை. திங்கள் குப்பை அப்பா, செவ்வாய் கோப்பை அப்பா எண்டு வடிவாக் கோடு கீறி, பெட்டி பெட்டியா. அதைக் கீறினது ஆர்? மோள். ஒட்டினது ஆர்? மோள். செவ்வாய்க்கிழமை ஞாபகப்படுத்திறது ஆர்? இதுக்குமேலை கேளாதை.

எங்கடை ஆக்களின்ரை மகளிர்தின விழாவுக்குப் போயிருக்கிறியோ? போ, ஒருக்கால் போ. மேடையிலை ஏழு கதிரை, ஆறிலை ஆம்பிளையள். பொன்னாடை ஆம்பிளை ஆம்பிளைக்குப் போத்துவான். பெண் இல்லாட்டி உலகம் இல்லை எண்டு ஒருத்தர் ஒரு மணித்தியாலம் முழங்குவார். அந்த நேரம் உலகம் எங்கை நிக்கும்? பின்னாலை குசினிக்குள்ளை, 200 பேருக்கு வடை சுட்டுக்கொண்டு. இதே பேர்ணிலை எங்கடை கோயில் ஒண்டிலை பொம்பிளையள் கருவறைக்குள்ளை நிண்டு தமிழிலை பூசை செய்யினம். எனக்கு முதல் நாள் ஒரு மாதிரித்தான் இருந்தது. திருநீறு வாங்கிப் பூசிப் பாத்தன். பழைய திருநீறு மாதிரித்தான் வெள்ளையா இருந்தது.

வீட்டுக்கு வர ரெண்டரை. வெறும் பை. கிழவி சுவெற்றரிலை ஒட்டியிருந்த வட்டச் சீட்டைப் பாத்தவ. ஒண்டும் கேக்கேல்லை. ஒண்டும் கேக்காத மனுசிக்குத்தான் தம்பி பயப்படவேணும். முருங்கைக்காய் இல்லாமல் ஒரு பருப்பு, ஒரு கத்தரிக்காய் வைச்சிருந்தவ. திண்டன். லாச்சியைத் துறந்தன். கடுதாசி மஞ்சளாப் போயிருந்தது. மூக்குக்கண்ணாடியைத் தேடினன், பேனையைத் தேடினன். பேனை எழுதேல்லை. பேத்தியின்ரை புத்தகப்பைக்குள்ளை ஒண்டு கிடந்தது. அதுவும் ஊதா.

கொண்டுபோய்க் கிழவிக்கு முன்னாலை வைச்சன். "இஞ்சரப்பா, எங்கை கையெழுத்து வைக்கிறது எண்டு காட்டு" எண்டன்.

அவ சாய்மனைக் கதிரையிலை, அதுதான் என்ரை கதிரையிலை, சாஞ்சிருந்து ரீவியிலை அந்த ஊர்வலத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறா. கடுதாசியையும் பாத்தா, என்னையும் பாத்தா.

"11 வரியம் நான் இருந்தனான். நீங்கள் ஒரு பின்னேரம் இருங்கோ. சாட்சிக்கு ஆள் வேணும். மோள் வேலையாலை வரட்டும்."

சரி எண்டு இருந்தன். வேறை என்ன செய்யிறது? கொஞ்ச நேரத்தாலை வழக்கம்போலை வாய் தன்ரை பாட்டிலை கேட்டுப்போட்டுது: "ஒரு தேத்தண்ணி ஊத்தன்."

கிழவி சுவரிலை மணிக்கூட்டை அண்ணாந்து பாத்தவ. நானும் பாத்தன். 3 மணி 26.

"ரெண்டு நிமிசம் பிந்திப்போச்சப்பா" எண்டவ.

எழும்பிக் குசினிக்குப் போனன். கேத்தில் எங்கையெண்டு தெரியும், அது வெளியிலை நிக்கும். தேயிலைப் பேணியும் பிடிபட்டுது. ஒரே மாதிரி ஏழு பேணி நிரையா நிக்குது, அதிலை எதுக்குள்ளை சீனி? எழுதி ஒட்டியிருக்கு, கிழவியின்ரை எழுத்து. கண்ணாடி லாச்சியடியிலை.

"இஞ்சரப்பா, சீனி எங்கை?"

ரீவியிலை விசில் சத்தம். கிழவிக்குக் காது நல்லாக் கேக்கும், அது எனக்குத் தெரியும்.

அண்டைக்கு உப்புத் தேத்தண்ணி குடிச்சன். ரெண்டு பேரும்தான். அவ ஒரு சொட்டும் மிச்சம் விடாமல் குடிச்சு முடிச்சு, கோப்பையை என்னட்டை நீட்டினவ.